சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லுவார்கள். அந்தப் பழமொழியின் பொருளைச் சென்ற மாதம் கடை கடையாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் நான் வாங்கப் போன சாமான் சுண்டைக்காயை விடப் பெரியது அல்ல. காதுக்குள் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்கும் இயர்போன் இருக்கிறதே, அதன் நுனியில் மாட்டியிருக்கும் இரண்டு துண்டுப் பஞ்சு. அவ்வளவுதான்!

"இதற்குக்கூடவா ஒரு கட்டுரை?" என்று வாசகர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் சிரித்துவிட்டுக் கடைசி வரையில் படியுங்கள். அந்தப் பஞ்சில் இரண்டு பெரிய விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, உங்கள் காசு. மற்றொன்று, உங்கள் காது.

மிருதங்கம் தகர டப்பா ஆன கதை

என் தங்கை மகள் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். தினமும் தாம்பரத்தில் பஸ் ஏறி நகரத்துக்குள் போய் வர வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அந்த நேரம் வீணாகக் கூடாது என்று செல்போனில் பாடங்களைக் கேட்டுக்கொண்டே போவாள். களைப்பாக இருந்தால் கச்சேரி கேட்பாள். அவளுடைய பிறந்த நாளுக்கு 2,400 ரூபாய் கொடுத்துக் கம்பி உள்ள இயர்போன் ஒன்று நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நுனியில் கறுப்புப் பஞ்சு. அதைக் காதில் வைத்தால் பஸ் இரைச்சலெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பது போல அடங்கிவிடும்.

எட்டு மாதம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், "மாமா, இயர்போன் கெட்டுப் போச்சு. முன்னே 'தொம், தொம்' என்று கேட்ட மிருதங்கம் இப்போ தகர டப்பா மாதிரி கேட்குது" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இயர்போனுக்கு ஒன்றும் நேரவில்லை. பஞ்சுதான் பாளம் பாளமாக வெடித்து, ஒரு பக்கம் பாதி உதிர்ந்து போயிருந்தது.

"பஸ்ஸில் எப்படிக் கேட்கிறாய்?" என்றேன்.

"சத்தத்தை முழுக்க வைத்துவிடுவேன், மாமா" என்றாள் சர்வ சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கு நோயாளியின் மார்பில் குழாயை வைத்து மூச்சு ஓடுகிற மெல்லிய ஓசையைக் கேட்க வேண்டிய பெண், இன்றைக்குத் தன் காதைத் தானே அடித்துக்கொள்கிறாள். காரணம், கட்டை விரல் நுனி அளவு பஞ்சு!

"தூக்கிப் போடுங்க, சார்!"

மறுநாளே கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றுமாகப் பெரிய கடை. அங்கிருந்த பிள்ளையாண்டான் இயர்போனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்குத் தனியா ஃபோம் வராது, சார். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க. ஆஃபர் ஓடுது" என்றான்.

செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். கையிருப்பில் இல்லை என்று இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. வேறொரு கடையில் வெளிநாட்டுப் பஞ்சு இருந்தது. மூன்று ஜோடி அடங்கிய பொட்டலம் 1,900 ரூபாய்! 2,400 ரூபாய்ச் சாமானுக்கு 1,900 ரூபாய்ப் பஞ்சு. பழமொழி நினைவுக்கு வந்தது அங்கேதான்.

கடைசியில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவுக்குப் போனேன். ரேடியோச் சாமான் முதல் கம்ப்யூட்டர்ச் சாமான் வரையில் சில்லறையாகக் கிடைக்கும் தெரு அல்லவா? ஒரு சிறு கடையில் பெரியவர் ஒருவர் தகர டப்பா ஒன்றைக் கவிழ்த்தார். உள்ளே நூற்றுக்கணக்கான முனைகள். ரப்பரில் பாதி, பஞ்சில் பாதி.

"ஃபோம் இருக்கு. உங்க சைஸ் என்ன, தம்பி?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். இயர்போன் வந்த அட்டைப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் எத்தனையோ ஆங்கில வார்த்தைகள் பளபளத்தன. இசையின் தரம், கம்பியின் தரம், பெட்டியின் தரம் எல்லாம் அச்சாகியிருந்தன. பஞ்சு மாட்டும் குழாயின் பருமன் எத்தனை மில்லி மீட்டர் என்ற ஒரே ஒரு எண் மட்டும் எங்கும் இல்லை.

நேயர்களே, இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது.

பஞ்சு செய்யும் வேலை

இது தலையணையில் அடைக்கிற பஞ்சு அல்ல. அமுக்கினால் அமுங்கி, விட்டால் மெதுவாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும் ஒருவித நுரை. விரலால் உருட்டி ஒல்லியாக்கிக் காதில் செருகினால், பத்துப் பதினைந்து விநாடியில் விரிந்து, காதின் துவாரம் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் அடைத்துக்கொள்ளும். உடம்புச் சூடு பட்டால் இன்னும் மிருதுவாகும்.

இதன் பூர்வோத்தரம் சுவாரசியமானது. அமெரிக்காவில் 1966-ல் சார்லஸ் யோஸ்ட் என்ற என்ஜினீயர், நாசா விண்வெளி ஸ்தாபனத்துக்காக ஆசனங்களுக்கு உகந்த இத்தகைய நுரை ஒன்றை உருவாக்கினார். 1967-ல் ராஸ் கார்ட்னர் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் வேறொரு கம்பெனியில், இணைப்புகளை அடைப்பதற்கான பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து பிறந்த நுரை, 1972-ல் காது அடைப்பானாகக் கடைக்கு வந்தது. தொழிற்சாலைகளில் இயந்திரத்தின் அருகே நிற்பவர்கள் காதில் வைத்துக்கொள்ளும் மஞ்சள் நிறக் கட்டை அதுதான்.

இரைச்சலை வெளியே நிறுத்த அடைப்பான். பாட்டை உள்ளே விட நடுவில் ஒரு துளை. இதுவே இயர்போன் பஞ்சு! அமெரிக்காவில் 1991-ல் எட்டிமோடிக் என்ற கம்பெனி வெளியிட்ட காதுக்குள் செருகும் இயர்போன் இந்த வகையில் ஒரு முன்னோடி.

அடைப்பு சரியாக இருந்தால்தான் மிருதங்கத்தின் தொப்பி முழங்கும். கனத்த நாதம் சிறு இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியே கசிந்து ஓடிவிடும். மெல்லிய கீச்சுக் குரல்தான் மிஞ்சும். பானையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நிற்குமா? "இயர்போன் கெட்டுவிட்டது" என்று தூக்கி எறியப்படும் சாமான்களில் பல உண்மையில் கெட்டவை அல்ல, கசிகின்றன, அவ்வளவுதான்.

காது போனால் வருமா?

கசிந்தால் என்ன, சத்தத்தைக் கூட்டினால் போயிற்று என்று நினைப்பதுதான் ஆபத்து.

பஸ் இரைச்சலும் உள்ளே வருகிறது. அதையும் மிஞ்சிப் பாட்டு கேட்க வேண்டும் என்று கை தானாகப் பித்தானை அமுக்குகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கைக் கேளுங்கள். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரையில் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! பத்து டெசிபல் கூடினால் சக்தி பத்து மடங்கு கூடுகிறது. காலம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

என் தங்கை மகளின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தினம் மூன்று மணி, வாரத்துக்கு ஆறு நாள். பதினெட்டு மணி நேரம். அடக்கமான சத்தத்தில் கேட்டால் ஒரு பயமும் இல்லை. 90 டெசிபல் என்றால், செவ்வாய்க்கிழமை காலையிலேயே அந்த வாரத்தின் பங்கு தீர்ந்துவிடும்!

12 வயது முதல் 35 வயது வரையில் உள்ளவர்களில் 100 கோடிக்கும் அதிகமானவர்கள் இப்படி அதிகச் சத்தத்தில் கேட்பதால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று 2022-ல் அந்த ஸ்தாபனம் எச்சரித்தது. உட்செவியில் ஒலியை வாங்கும் மயிர் போன்ற நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. மனிதனுக்கு அவை ஒரு முறை செத்தால் செத்ததுதான்; மறுபடி முளைப்பதில்லை. நகம் வெட்டினால் வளரும். பல் விழுந்தால் கட்டிக்கொள்ளலாம். இதற்கு அந்த வழியும் கிடையாது.

பஞ்சு மாட்டினால் காது காப்பாற்றப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல பஞ்சு மாட்டியும் சத்தத்தை முழுக்க வைப்பவரைப் பஞ்சு என்ன செய்யும்? ஆனால், குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்க அது வழி செய்கிறது. அந்த வழி நியாயமான விலையில் கிடைக்கக் கூடாதா?

குக்கரைத் தூக்கி எறிகிறோமா?

பஞ்சு கெட்டுப் போவது யாருடைய குற்றமும் அல்ல. அது தேயப் பிறந்த சாமான். வியர்வை, எண்ணெய், காதுக் குறும்பி இவற்றிலேயே கிடப்பது. தினமும் பத்துத் தடவை உருட்டப்படுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சில மாதம் உழைத்தாலே நன்றி சொல்ல வேண்டும். செருப்புக்கு வார் எப்படியோ, இயர்போனுக்குப் பஞ்சு அப்படி.

வார் அறுந்தால் செருப்பை எறிகிறோமா? தெரு முனையில் தைத்துக்கொள்கிறோம். பிரஷர் குக்கரின் காஸ்கெட் தொங்கிப் போனால் குக்கரையே எறிகிறோமா? பாத்திரக் கடைக்குப் போய் "ஐந்து லிட்டர் குக்கர்" என்று கம்பெனிப் பெயரைச் சொன்னால் காஸ்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார். சைக்கிளில் காற்று நிற்கவில்லை என்றால் வால்வ் ட்யூபை மாற்றுகிறோம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் உதிர்ந்தால் புது மேன்டில் கட்டினார்கள் நம் தாத்தாக்கள். யாரும் விளக்கைக் கிணற்றில் போடவில்லை.

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். ஆனால், அச்சாணி ஒடிந்தது என்பதற்காகத் தேரையே கொளுத்துகிற வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. அந்த வழக்கத்தைத்தான் இப்போது சின்னச் சின்ன சாமான்கள் நமக்குக் கற்றுக் கொடுக்கின்றன.

இது ஒரு வீட்டுச் சமாசாரம் மட்டும் அல்ல. 2022-ம் ஆண்டில் உலகம் தூக்கி எறிந்த மின்சார, மின்னணுச் சாமான்களின் எடை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மறு உபயோகத்துக்கு அனுப்பியதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு சொச்சம்தான். அந்த மலையில் இயர்போன் ஒரு கடுகுதான். ஆனால் கடுகு கடுகாகச் சேர்ந்துதானே மலையாகிறது?

மலிவாக வாங்குவது எப்படி?

ரிச்சி தெருப் பெரியவர் என்னைக் கைவிடவில்லை. "வீட்டுக்குப் போய் அளந்துக்கிட்டு வாங்க" என்று சொல்லி, அளக்கும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். அதை நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் பழைய பஞ்சைக் கழற்றுங்கள். உள்ளே சிறு குழாய் தெரியும். அதன் கழுத்தின் பருமன்தான் உங்களுக்கு வேண்டும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மெல்லிய காகித நாடாவைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனை சேரும் இடத்தில் கோடு போட்டு, பிரித்து அளவுகோலில் வையுங்கள். வந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் பருமன் கிடைக்கும். எனக்கு நீளம் 16 மில்லி மீட்டர் வந்தது. வகுத்தால் 5 மில்லி மீட்டருக்குச் சற்று மேல். பள்ளிக்கூடத்தில் படித்த வட்டக் கணக்கு ஐம்பது வருஷம் கழித்து எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது!

இயர்போன்களின் கழுத்து பெரும்பாலும் 3 மில்லி மீட்டரிலிருந்து 6 மில்லி மீட்டருக்குள் இருக்கும். முனை விற்கும் அமெரிக்கக் கம்பெனி ஒன்று 100, 200, 400, 500 என்று தன் முனைகளுக்கு எண் போட்டிருக்கிறது. எண் ஏற ஏறத் துளை பெரிதாகும். மற்றவர்களிலும் சிலர் அந்த எண்ணையே சொல்லி விற்கிறார்கள். எண் தெரியாவிட்டாலும் மில்லி மீட்டர் தெரிந்தால் போதும். துளை கழுத்தை விட ஒரு நூல் சிறிதாக இருக்கலாம். பெரிதாக இருக்கவே கூடாது. பெரிதாக இருந்தால் பஞ்சு காதுக்குள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது வெளி அளவு. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று உண்டு. ஒரே ஆளுக்கு வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குச் சிறிதும் பொருந்துவது உண்டு. ஆகவே முதல் தடவை மூன்று அளவும் கலந்த பொட்டலமாக வாங்கிப் பார்த்து, பிறகு பொருந்தியதை மட்டும் வாங்குவது சிக்கனம்.

கம்பி இல்லாத இயர்போன்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முனை உயரமாக இருந்தால் பெட்டி மூடாது; மூடாவிட்டால் மின்சாரம் ஏறாது. சிலவற்றின் கழுத்து வட்டமாகவே இருப்பதில்லை, நீள்வட்டமாக இருக்கும். ஆப்பிள் கம்பெனி 2019-ல் கொண்டுவந்த ஏர்பாட்ஸ் ப்ரோவில் முனை தனிவிதமாக மாட்டிக்கொள்கிறது. பொது முனை அதில் ஏறாது. இத்தகையவற்றுக்கு அதற்கென்றே செய்த முனைதான் வேண்டும். வாங்குவதற்கு முன்பே அது தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுவது புத்திசாலித்தனம்.

பொருந்திவிட்டதா என்று எப்படித் தெரியும்? பாட்டை வைத்துக்கொண்டு இயர்போனை விரலால் லேசாக உள்ளே அமுக்குங்கள். அமுக்கும்போது மட்டும் மிருதங்கம் கனத்துக் கேட்டால், அடைப்பு போதவில்லை என்று அர்த்தம். அமுக்கினாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பொருந்திவிட்டது.

நான் வாங்கியது மூன்று ஜோடி, 240 ரூபாய். ஒரு ஜோடி 80 ரூபாய். 1,900 ரூபாய்ச் சரக்கைப் போல அது நீடித்து உழைக்காமல் போகலாம். போனால் என்ன? அந்தப் பணத்தில் இந்தப் பொட்டலம் ஏழு வாங்கலாம். மீதியும் கைக்கு வரும்.

கையால் செய்வது

தொழிற்சாலையில் உபயோகிக்கும் நுரை அடைப்பானை வாங்கி, தோலில் துளை போடும் கருவியால் நடுவில் துளையிட்டு, பழைய முனையின் உள் குழாயை அதில் பொருத்தித் தாமே பஞ்சு செய்துகொள்ளுகிறவர்களும் உண்டு. கை நேர்த்தி உள்ளவர்கள் செய்யலாம். ஆனால் உள் குழாய் இறுகப் பிடித்திருக்க வேண்டும். துளையின் தூள் இயர்போனின் வலைக்குள் விழக் கூடாது. எந்தப் பஞ்சானாலும் காதுக்குள் தங்கிவிட்டால் ஊக்கு, கொண்டை ஊசி என்று எதையும் விட்டுக் குடையாதீர்கள். நேராகக் காது டாக்டரிடம் போய்விடுங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ச் செவிப்பறையைக் கிழித்துக்கொள்ளுவது சிக்கனம் அல்ல.

பஞ்சின் ஆயுளைக் கூட்டுவதும் நம் கையில் இருக்கிறது. ஈரத் துணியால் மெதுவாகத் துடையுங்கள், ஸ்பிரிட் போடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உருட்டாதீர்கள். நன்றாக உலர்ந்த பிறகு பெட்டியில் வையுங்கள். இன்னொன்று: நடு ரோட்டில் இரண்டு காதையும் பஞ்சால் அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். லாரிக்காரன் ஹாரன் அடிப்பது உங்களுக்காகத்தான்!

எல்லோருக்கும் பஞ்சுதான் வேண்டும் என்பதும் இல்லை. ரப்பர் முனை சரியாக அடைத்துக்கொண்டால் அதுவே போதும். கழுவலாம், வருஷக்கணக்கில் உழைக்கும், விலையும் சொற்பம். ரப்பர் பொருந்தாத காதுக்கும், இரைச்சலான பிரயாணத்துக்கும்தான் பஞ்சு.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் சமாதானம்

அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? "ஒவ்வொரு காதும் ஒரு மாதிரி; ஒவ்வோர் இயர்போனும் ஒரு மாதிரி. இத்தனை அளவுப் பஞ்சையும் கடை தோறும் அடுக்கி வைத்தால் கட்டுப்படி ஆகாது. கண்ட பஞ்சை மாட்டினால் நாதம் மாறிவிடும், கெட்ட பெயர் எங்களுக்கு" என்கிறார்கள்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பஞ்சு மாறினால் நாதமும் சற்று மாறும் என்பது உண்மை. ஆனால் பஞ்சே இல்லாமல் கேட்டால் நாதம் என்ன ஆகும்? அவர்களை நான் கடை தோறும் அடுக்கி வைக்கச் சொல்லவில்லை. நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: கழுத்தின் பருமனைப் பெட்டி மேல் அச்சிடுங்கள். "5.1 மி.மீ." இதை அச்சிட ஒரு துளி மை போதும். செருப்பில் அளவு இல்லையா? சட்டையில் இல்லையா?

இரண்டு: விற்கும் ஒவ்வொரு மாதிரிக்கும், தேய்கிற பாகத்தைச் சில வருஷங்களுக்காவது தனியாக, நியாய விலைக்கு விற்றுக்கொண்டிருங்கள். சாமானின் விலையில் முக்கால் பங்கைப் பஞ்சுக்குக் கேட்காதீர்கள்.

மூன்று: எல்லோரும் கூடி இரண்டு அல்லது மூன்று பொது அளவுகளை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு செல்போனுக்குச் செல்போன் சார்ஜர் வேறாக இருந்தது. வீட்டில் ஒரு கூடை சார்ஜர் கிடக்கும். ஒன்றும் ஒன்றுக்குப் பொருந்தாது. பொதுச் சார்ஜர் முடியவே முடியாது என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே புதிதாக விற்கும் செல்போன்களுக்கு ஒரே வாய் என்று ஆகிவிட்டது. இயர்போனையும் அந்தச் சட்டம் விடவில்லை. கம்பி இல்லாத இயர்போனின் பெட்டிக்கும் அதே வாய்தான். வாயைப் பொதுவாக்க முடிந்தவர்களுக்குக் கழுத்தைப் பொதுவாக்குவதா கஷ்டம்?

பிரான்சில் 2021 ஜனவரி முதல், சில சாமான்களை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை மார்க் என்று விற்கும் இடத்திலேயே போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். உதிரிப் பாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பதும் அந்த மார்க்கில் சேரும். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகார இலாகா, ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காக ஒரு கமிட்டியை நியமித்தது. செல்போன், வீட்டுச் சாமான், மோட்டார் வண்டி, விவசாயக் கருவி என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்ல ஆரம்பம். அந்த நல்ல எண்ணம் பெரிய சாமானோடு நின்றுவிடாமல், ஏழை மாணவன் காதில் மாட்டும் சின்னச் சாமான் வரையில் இறங்கி வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கேட்டால்தான் கிடைக்கும்

சர்க்காரும் கம்பெனியும் செய்கிறபடி செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை இயர்போன் வாங்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன்பு, "இதன் முனை தனியாகக் கிடைக்குமா? அளவு என்ன?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். நூறு பேர் கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார். ஆயிரம் பேர் கேட்டால் பெட்டியில் அந்த எண் தானாக அச்சாகும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

புதுப் பஞ்சை மாட்டிக் கொடுத்த மறு வாரம் தங்கை மகள் வந்தாள். "எப்படி இருக்கிறது?" என்றேன்.

"மிருதங்கம் திரும்பி வந்துடுச்சு, மாமா" என்று சிரித்தாள். பிறகு செல்போனை எடுத்துக் காட்டினாள். சத்தம் காட்டும் கோடு பாதிக்குக் கீழே நின்றது. "பஸ்ஸிலேயே இவ்வளவு போதும். இதுக்கு மேலே வைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கு" என்றாள்.

எண்பது ரூபாய்ப் பஞ்சு அவளுடைய 2,400 ரூபாய் இயர்போனைக் காப்பாற்றியது. அவள் காதையும் காப்பாற்றும் என்று நம்புகிறேன். மீதமுள்ள இரண்டு ஜோடியும் என் மேஜை அறையில் பத்திரமாக இருக்கின்றன. பொட்டலத்தின் மேல் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்: "5.1 மி.மீ."

கம்பெனிக்காரர் எழுத மறந்ததை நானாவது எழுதி வைக்க வேண்டாமா?